முதல் போட்டிக்குப் படம் அனுப்பும் இளம் கலைஞருக்கு



உள்ளூரில் நடைபெறும் இயற்கை ஒளிப்படப் போட்டிக்கு முதன்முறையாகப் படம் அனுப்பும் ஒருவர், விலையுயர்ந்த லென்சும் தொலைதூரக் காட்டுப் பயணமும் இன்றிப் பரிசுக்கு வழியில்லை என்று தயங்குவது இயல்பே. ஆயினும் அத்தகையவருக்கு வாய்த்திருக்கும் பெருஞ்செல்வம் அண்மை. ஒரே ஏரிக்கரைக்குத் திரும்பத் திரும்பச் சென்று, எந்நேரத்தில் எத்திசையிலிருந்து ஒளி விழுகிறது, எந்தப் பறவை எங்கே இரை தேடுகிறது என்று அறிந்தவர், காட்டுக்கு ஒருநாள் சென்று புலியைப் படமெடுத்து வந்தவரைவிடச் சிறந்த படத்தை எடுக்கக் கூடும்.

வயல் வரப்பிலும் குளக்கரையிலும் அன்றாடம் தென்படும் மடையானை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். இறக்கையை மடக்கி அசையாது நிற்கும்போது அதன் மண்நிறமும் கழுத்துக் கோடுகளும் சேற்றோடு கலந்துவிடுவதால் அது இருப்பதே தெரிவதில்லை. எழுந்து பறக்கும் கணத்திலோ தூய வெள்ளை இறக்கைகள் விரிந்து வேறொரு பறவையைப் போல் தோன்றுகிறது. இந்த மாற்றத்தைப் படமாக்க விரும்புபவர், ஷட்டர் வேகத்தை, அதாவது கேமராவுக்குள் ஒளி புகும் கால அளவை, நொடியில் 2000-இல் ஒரு பங்காக வைத்துக்கொண்டால் சிறகசைவு மங்காமல் பதியும். ஆனால் இருண்ட சேற்றை அளந்து கேமரா தானாகவே கூடுதல் ஒளியை ஏற்பதால் வெள்ளை இறகுகள் விவரமிழந்து வெளிறிவிடும்; ஆகவே ஒளியளவை முன்கூட்டியே சற்றுக் குறைத்து வைப்பது நல்லது. இவ்வாறு பறவையின் இயல்பை அறிந்து காத்திருந்து எடுத்த படம், அரிய உயிரினம் ஒன்றின் அசைவற்ற உருவப்படத்தைவிட நடுவரிடம் அதிகம் பேசும்.

அடுத்து விதிகளைக் கருத வேண்டும். இயற்கைப் பிரிவுக்குப் பன்னாட்டு ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பான ஃபியாப்பும் அமெரிக்க ஒளிப்படச் சங்கமும் ஏற்றுக்கொண்டுள்ள வரையறையின்படி, படத்தின் ஓரங்களை வெட்டலாம், காட்சியின் உண்மை மாறாதவாறு ஒளியையும் நிறத்தையும் சீராக்கலாம். ஆனால் படத்துக்குள் ஒன்றைச் சேர்ப்பதோ, இடம் மாற்றுவதோ, குறுக்கே நிற்கும் குச்சியை அழிப்பதோ கூடாது. இதைச் சரிபார்க்கவே சில போட்டிகள் ரா கோப்பை, அதாவது கேமராவின் உணரி பதிவு செய்த திருத்தப்படாத மூலத்தைக் கேட்கின்றன. கணினியில் செய்யும் மாற்றம் மட்டுமே பொய்யாகாது என்பதற்கு, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் ஆண்டின் சிறந்த வனவிலங்கு ஒளிப்படக் கலைஞர் போட்டியே சான்று. 2009-ஆம் ஆண்டு முதற்பரிசு பெற்ற, வேலியைத் தாண்டும் ஓநாயின் படம், அது பழக்கப்பட்ட விலங்காக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவு செய்ததால் 2010-இல் நீக்கப்பட்டது. 2017-இல் ஒரு பிரிவில் வென்ற எறும்புத்தின்னிப் படமும், அதிலிருந்தது பாடம் செய்யப்பட்ட விலங்கு என்ற முடிவின் பேரில் மறு ஆண்டு பரிசை இழந்தது.

நடுவரின் விதிக்கு மேலாக நாட்டின் சட்டமும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில், காட்டுப்பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதும் அடங்கும். கூட்டை மறைக்கும் கிளையை ஒதுக்கிவிட்டுப் படமெடுத்தால், வெயிலும் காகமும் குஞ்சுகளை எளிதில் அடைந்துவிடும். பறவை எச்சரிக்கைக் குரல் எழுப்பினாலோ கூட்டுக்குத் திரும்பத் தயங்கினாலோ கலைஞர் உடனே பின்வாங்குவதே முறை.

படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, எடுப்பதற்குப் பட்ட பாட்டைக் கணக்கில் கொள்ளாமல், அந்தப் பாட்டை அறியாத ஒருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது பயன்தரும். உயிரினத்தின் கண் கூர்மையாகப் பதியாத படத்தை எவ்வளவு அரியதாயினும் ஒதுக்கிவிட வேண்டும். விளக்கக் குறிப்பையும் அலட்சியமாக எழுதலாகாது. கறுப்பு வெள்ளைப் படங்களால் புகழ்பெற்ற மா. கிருஷ்ணன் (1912–1996), 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியையும் எழுதிவந்தார். பார்த்ததைப் படத்திலும் சொல்லிலும் ஒரே துல்லியத்துடன் பதிவு செய்ய இயலும் என்பதற்கு அவர் முன்னோடி. உயிரினத்தின் பெயர், இடம், மாதம், அது செய்துகொண்டிருந்த செயல் ஆகிய நான்கும் இரண்டு வரிகளில் அமைந்தால் போதும். கூடோ அரிய உயிரினமோ இருக்கும் இடமாயின், துல்லிய இடத்தை மறைத்து மாவட்டத்தை மட்டும் குறிப்பிடுவது பொறுப்பான செயல்.

பரிசு நடுவரின் ரசனையையும் உடன் வந்த படங்களையும் பொறுத்தது. படத்தின் நேர்மை கலைஞரை மட்டுமே பொறுத்தது. எனவே இளம் கலைஞர், எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்டால் கூசாமல் விடை சொல்லத்தக்க படத்தை மட்டுமே போட்டிக்கு அனுப்புவாராக.