திடீரென வந்த செல்வம் யாருடையது?

அல்லாஹுதஆலா தன் அடியார்களை வறுமையைக் கொண்டும் சோதிக்கிறான். செல்வத்தைக் கொண்டும் சோதிக்கிறான். வறுமை வந்தால் அது சோதனை என்பது எல்லோருக்கும் உடனே விளங்கிவிடும். எதிர்பாராத செல்வம் வந்து சேரும்போது, அதுவும் ஒரு சோதனைதான் என்று நினைத்துப் பார்ப்பவர் வெகு சிலரே.

நமது திருச்சியிலும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக இருக்கும் ஸ்ரீரங்கத்திலும் பாட்டனார் காலத்தில் சொற்பத் தொகைக்கு வாங்கிய மனைகளும் தோப்புகளும் இன்று லட்சக்கணக்கில், சில இடங்களில் கோடிக்கணக்கில் விலை போகின்றன. நேற்றுவரை மாதச் சம்பளத்தில் காலம் தள்ளிய குடும்பத்தின் கையில் ஒரே நாளில் பெருந்தொகை வந்து சேருகிறது. அன்றிரவே வீட்டில் ஆலோசனை தொடங்கிவிடுகிறது. மாடி கட்டலாமா, கார் வாங்கலாமா, மகள் நிக்காஹை விமரிசையாக நடத்தலாமா, பள்ளிவாசலுக்கு ஏதாவது கொடுக்கலாமா என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். "இதை என்ன செய்வது?" என்ற கேள்வி எல்லோர் வாயிலும் வருகிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய "இது யாருடையது?" என்ற கேள்வியைக் கேட்பவர் குறைவு. மார்க்கம் முதலில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

புதையலுக்கும் சட்டம் உண்டு

ஸ்ரீரங்கம் தீவிலேயே உள்ள திருவானைக்கோயிலில் 2020 பிப்ரவரி மாதம் நடந்ததைப் பலரும் அறிவர். அங்குள்ள கோயில் வளாகத்தில் நந்தவனத்துக்காக மண்ணைத் தோண்டியபோது ஒரு பாத்திரம் அகப்பட்டது. அதற்குள் 505 பொற்காசுகள் இருந்தன. எடை 1 கிலோ 716 கிராம். காசுகளில் அரபு எழுத்துக்கள் காணப்பட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அவற்றைக் கண்டெடுத்தவர்கள் தமக்குள் பங்கு போட்டுக் கொள்ளவில்லை. காசுகள் எண்ணப்பட்டு, அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன.

நாட்டின் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1878ம் வருடத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். உரியவர் யாருமில்லை என்று முடிவான பிறகே கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு என்ற பேச்சு எழும்.

நமது ஃபிக்ஹு நூல்களோ இதைவிட நுட்பமாகப் பேசுகின்றன. இஸ்லாத்துக்கு முந்திய காலத்துப் புதையல் "ரிகாஸ்" எனப்படும். அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட வேண்டும் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் தீர்ப்பு. புதைந்து கிடந்த காசில் இஸ்லாமிய ஆட்சியின் முத்திரையோ திருவசனமோ இருந்தால் அது ரிகாஸ் ஆகாது. அதை யாரோ ஒருவர் தவறவிட்ட பொருளாகவே கருதி, உரியவரைத் தேட வேண்டும் என்று இமாம்கள் விளக்கியிருக்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் புதைந்த காசிலும் "உரியவர் யார்?" என்று தேடச் சொல்லும் மார்க்கம், நம் அத்தாவின் பெயரில் உள்ள மனைக்கு அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுமா?

ஸஃது (ரலி) அவர்களின் குடும்பம்

உஹதுப் போரில் ஸஃது இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். அவர்களுக்கு ஒரு மனைவியும் இரண்டு பெண்மக்களும் இருந்தனர். அன்றைய அரபு வழக்கப்படி ஸஃது அவர்களின் சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக் கொண்டார். அந்தத் தாய் இரு பெண்மக்களையும் அழைத்துக் கொண்டு பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். பொருளில்லாமல் இந்தப் பெண்களுக்குத் திருமணம் எப்படி நடக்கும் என்பது அவரது கவலை.

அதன் பின்னரே வாரிசுரிமை வசனங்கள் இறங்கின. பெருமானார் (ஸல்) அவர்கள் அந்தச் சகோதரரை அழைத்து, பெண்மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு பங்கும், அவர்களின் தாய்க்கு எட்டில் ஒரு பங்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை எடுத்துக் கொள்ளுமாறு தீர்ப்பளித்தார்கள். சொத்தை 24 பங்காக வைத்தால் பெண்மக்களுக்கு 16, தாய்க்கு 3, சகோதரருக்கு 5. முழுவதும் தனக்கே என்று நினைத்தவருக்குக் கிடைத்தது 24ல் 5 பங்குதான்.

இன்றும் எத்தனையோ முஸ்லிம் வீடுகளில் அந்தத் தாயின் முறையீடு கேட்டுக் கொண்டிருக்கிறது. கேட்கும் காதுகள்தாம் குறைவு.

பங்கிடும் வரிசை

ஒருவர் மவுத்தாகிவிட்டால் அவர் விட்டுச் சென்ற பொருளில் கடமைகள் நான்கு. அவற்றின் வரிசை மாறக்கூடாது. முதலாவது, கஃபன், அடக்கச் செலவு. இரண்டாவது, கடன். மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட மஹரும் கடன்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூன்றாவது, வஸிய்யத்து. அது மீதியுள்ள பொருளில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. மற்ற வாரிசுகள் இசையாமல் ஒரு வாரிசுக்குத் தனியாக வஸிய்யத்து செய்யவும் கூடாது. நான்காவது, வாரிசுகளின் பங்கு. இது அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12, 176ம் வசனங்களில் அல்லாஹ் தானே வகுத்துத் தந்த கணக்கு.

இந்திய முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு ஷரீஅத் சட்டமே பொருந்தும் என்று 1937ல் சட்டம் வந்தது. அதில் விட்டுப் போயிருந்த விவசாய நிலத்தையும் 1949ல் சென்னை மாகாணம் சேர்த்தது. ஆகவே, "நன்செய் நிலத்தில் பெண்ணுக்குப் பங்கில்லை" என்று நம் வீடுகளில் சொல்லப்படும் பழைய பேச்சுக்கு மார்க்கத்திலும் இடமில்லை, சட்டத்திலும் இடமில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பாட்டனார் பெயரில் உள்ள மனை 1 கோடியே 20 லட்சம் ரூபாய்க்கு விலை போகிறது. பாட்டி முன்பே மவுத்தாகிவிட்டார். பாட்டனாருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகனும் பிறகு மவுத்தாகிவிட்டார். அவருக்கு மனைவி, இரண்டு ஆண்மக்கள், ஒரு பெண். கடனோ வஸிய்யத்தோ இல்லை. வீட்டிலிருக்கும் அண்ணன் தம்பி இருவரும் தலைக்கு 60 லட்சம் என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள்.

ஷரீஅத்தின் கணக்கு வேறு. பாட்டனார் சொத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. எனவே, எப்போதோ வாழ்க்கைப்பட்டு வேறு ஊரில் இருக்கும் அத்தாவின் சகோதரிக்கு முதலில் 40 லட்சம் போய்விடும். அத்தாவின் பங்கு 80 லட்சம். அதில் எட்டில் ஒரு பங்கான 10 லட்சம் தாய்க்கு. மீதி 70 லட்சத்தில் ஆண்மக்களுக்கு 28 லட்சம் வீதம், பெண்ணுக்கு 14 லட்சம். பாட்டனாரின் சொத்து அன்றே பங்கிடப்படாததால், அந்த மாமியின் பங்கு இத்தனை வருடமாக மற்றவர் கையில் அமானிதமாக இருந்திருக்கிறது. அவர் மவுத்தாகியிருந்தாலும் அந்தப் பங்கு மறைந்துவிடாது. அவருடைய வாரிசுகளைச் சேரும்.

சொல்லப்படும் சாக்குகள்

"தங்கைக்குத்தான் நகை போட்டு, சீர் செய்து கட்டிக் கொடுத்தோமே!" என்பார்கள். தந்தை உயிரோடிருக்கும்போது மகளுக்குக் கொடுத்தது அன்பளிப்பு. வாரிசுப் பங்கோ, அவர் மவுத்தான பிறகு பிறக்கிற உரிமை. அன்பளிப்பைக் காட்டி அந்த உரிமையை அடைக்க முடியாது. அண்ணனைப் படிக்க வைத்த செலவை யாரும் அவனுடைய பங்கில் கழிப்பதில்லையே!

"தங்கை தானே விட்டுக் கொடுத்துவிட்டாள்" என்பார்கள். தந்தை இருக்கும்போதே "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று சொன்ன சொல்லுக்கு மதிப்பில்லை. இன்னும் தனக்கு வராததை ஒருவர் எப்படி விட்டுக் கொடுப்பார்? தந்தை மவுத்தான பிறகு, தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்து, அது தன் கைக்கு வந்து, யாருடைய நிர்ப்பந்தமும் இல்லாமல் மனமுவந்து கொடுத்தால் அது செல்லும். தொகையைச் சொல்லாமல் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அழைத்துப் போய்க் கையெழுத்து வாங்குவது விட்டுக் கொடுத்தல் ஆகாது. "கையெழுத்துப் போடாவிட்டால் பிறந்த வீட்டு உறவு முறிந்துவிடும்" என்ற பயத்தில் போடும் கையெழுத்தும் அப்படியே. நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கும் தாயிடம் பத்திரத்தை நீட்டுகிறவர்களும் அல்லாஹ்வை அஞ்சிக் கொள்ளட்டும்.

"பாங்குக் கணக்கில் நாமினி நான்தான்" என்பாரும் உண்டு. பணத்தை வாங்கிக் கொள்ள நியமிக்கப்பட்டவரே நாமினி. அவர் அந்தப் பணத்துக்குத் தனி உரிமையாளர் அல்லர். வாங்கியதை வாரிசுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அவர் மீது கடமை. அத்தாவின் பழைய டெபாசிட் திடீரென்று தெரிய வந்தாலும் இதே சட்டம்தான். அதில் சேர்ந்திருக்கும் வட்டியைப் பிரித்தெடுத்து, நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, அசலை மட்டும் பங்கிட வேண்டும்.

இன்னும் சிலர், பங்கு பிரிக்கும் முன்பே பெருந்தொகையைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிட்டு, "அத்தா பெயரில் ஸதக்கா செய்தோம்" என்று மன நிறைவடைகிறார்கள். தங்கையின் பங்கும் வயதுக்கு வராத அனாதைப் பிள்ளையின் பங்கும் அதில் கலந்திருந்தால், பிறர் பொருளை எடுத்துக் கொடுத்ததாகவே ஆகும். அனாதையின் பொருளை அநியாயமாக உண்பவர் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார் என்று திருமறை எச்சரிக்கிறது.

தன் பங்கு கைக்கு வந்த பின்

உரியவர்களுக்கு உரியதைக் கொடுத்த பிறகு மீதி நிற்பது தூய்மையான ஹலாலான பொருள். இப்போது "என்ன செய்வது?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

முதலில் கடனை அடையுங்கள். அடுத்து, ஜக்காத்துக் கணக்கைச் சரி செய்யுங்கள். 14 லட்சம் முழுவதும் ஒரு வருடம் கையிருப்பில் நின்றால் ஜக்காத் 35,000 ரூபாய். ஏற்கெனவே நிஸாபு உடையவராக இருந்தால், ஹனஃபீ மத்ஹபின்படி புதிய தொகையையும் பழைய கணக்கோடு சேர்த்து, பழைய வருட முடிவிலேயே கொடுக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபின்படி புதிய தொகை தமக்கு உரிமையான நாளிலிருந்து அதற்குத் தனி வருடம். நம் பகுதியில் இரு மத்ஹபினரும் இருப்பதால் அவரவர் ஆலிம்களிடம் கேட்டுக் கொள்வது நலம். போக வர, குடும்பச் செலவுக்குப் போதுமான பொருள் சேர்ந்துவிட்டால் ஹஜ்ஜும் கடமையாகிவிடும். நேற்றுவரை கடமை இல்லாதிருந்தவர், இன்றும் அப்படியே என்று எண்ணிவிடக்கூடாது.

பங்கிடும் இடத்துக்கு வந்திருக்கும் பங்கில்லாத உறவினர், அனாதைகள், ஏழைகளுக்கும் ஏதாவது கொடுத்து, நல்ல வார்த்தை பேசும்படி அந்நிஸா 8ம் வசனம் போதிக்கிறது. அபூதல்ஹா (ரலி) அவர்கள் தமக்கு மிகவும் பிரியமான பைருஹா தோட்டத்தை அல்லாஹ்வுக்காகக் கொடுக்க முன்வந்தபோது, அதை அவர்களுடைய நெருங்கிய உறவினர்களுக்குப் பங்கிடும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்களோ கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை, பெருமானாரின் ஆலோசனைப்படி, விற்கவோ வாரிசாக அடையவோ முடியாத வக்பு ஆக்கினார்கள். அதன் பலன் ஏழைகளுக்கும் உறவினருக்கும் வழிப்போக்கருக்கும் போய்ச் சேர்ந்தது.

இதற்கு நம் ஊரிலேயே ஓர் அடையாளம் நிற்கிறது. ஹாஜி ஜமால் முஹம்மது ஸாஹிப், ஹாஜி காஜாமியான் ராவுத்தர் ஆகிய இரு பெரியார்களை நிறுவனர்களாகக் கொண்டு 1951ல் தொடங்கிய ஜமால் முஹம்மது கல்லூரியில், எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் இன்றளவும் படித்து வருகிறார்கள். செல்வர்கள் போய்விட்டார்கள்; அவர்கள் செய்த தர்மம் ஓடிக் கொண்டிருக்கிறது. கல்லூரி தொடங்கும் வசதி நமக்கு இல்லாமல் போகலாம். ஓர் ஏழை மாணவியின் படிப்புச் செலவை ஏற்பதற்கு 14 லட்சத்தில் சிறு பகுதியே போதும்.

காரூன் தன் செல்வத்தைத் தன் அறிவால் அடைந்ததாகச் சொன்னான்; பூமி அவனை விழுங்கியது. ஸுலைமான் (அலை) அவர்கள், நான் நன்றி செலுத்துகிறேனா என்று என் இறைவன் சோதிக்கிறான் என்று உணர்ந்தார்கள். பாட்டனார் வாங்கிய மனையில் நம் அறிவுக்கோ உழைப்புக்கோ என்ன பங்கு இருக்கிறது? வந்தது அவன் அருள். அதற்குரிய முதல் நன்றி, வாழ்க்கைப்பட்டுப் போன தங்கையின் வீட்டு வாசலுக்கு நாமே சென்று, அவள் கேட்கும் முன்பே அவளுடைய பங்கை அவள் கையில் கொடுப்பதுதான்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான பொருளையும், அதைப் பங்கிட்டுக் கொடுக்கும் நேர்மையையும், கொடுத்த பின் மகிழும் மனதையும் தந்தருள்வானாக! ஆமீன். யாரப்பல் ஆலமீன்.