எல்லை தாண்டித் திரும்பினால் விசா நீளுமா?

பாலசமுத்திரத்திலிருந்து மலேசியாவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் புறப்படுகிறீர்களா? 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே அங்கே 30 நாள் தங்கலாம்.

"நாள் முடியும்போது தாய்லாந்தில் உள்ள ஹட்யாய் வரை போய்வந்தால் இன்னொரு 30 நாள் முத்திரை விழும்" என்று சில ஏஜென்ட்டுகள் சொல்வார்கள். அதை நம்பிப் பஸ் ஏறாதீர்கள். ஒவ்வொரு முறையும் அது புது நுழைவு. திரும்பும் டிக்கெட், தங்குமிடம், கைச்செலவுப் பணம் எல்லாம் கேட்பார்கள். சந்தேகம் வந்தால் உள்ளே விட மாட்டார்கள். பெட்டியும் மருந்தும் மலேசியாவில், நீங்கள் எல்லைக்கு அப்பால். வயதானவர்களுக்கு இது பெரிய கொடுமை.

சிங்கப்பூர் பக்கம் போய்வரலாம் என்றால், இந்தியர்களுக்கு அங்கே முன்கூட்டியே விசா வேண்டும்.

பேறுகாலம், ஆஸ்பத்திரி என்று உண்மையான காரணம் இருந்தால், கெடு முடிவதற்கு முன்பே டாக்டர் கடிதத்துடன் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். முத்திரையில் உள்ள தேதியை அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். கெடு தாண்டினால் தாய்லாந்தில் நாளுக்கு 500 பாட், துபாயில் 50 திர்ஹாம் அபராதம். மலேசியச் சட்டத்தில் சிறைக்கே இடமுண்டு.

"டூரிஸ்ட்டாகப் போ, வேலை அங்கே தயார்" என்று யாராவது சொன்னால் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள். அந்த ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம்.