நாட்டெருமையின் குலமும் கலப்பும்

கல்முனைப் பகுதி வயல்வட்டைகளில் முன்னர்ச் சேறு மிதிக்கவும் சூடு மிதிக்கவும் உதவிய எருமை, உழவுயந்திரம் வந்தபின் பெரிதும் பாலுக்கும் தயிருக்குமே வளர்க்கப்படுகின்றது. ஆதலால் அதன் குலமறிந்து கலப்புச் செய்தல் வேண்டும்.

வீட்டெருமை இருவகைப்படும். இந்தியப் பெருநிலத்தில் பழக்கப்பட்டது ஆற்றெருமை. மரபுக் குணங்களைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் அதன் உடற்கலம் ஒவ்வொன்றிலும் 50 உள. கீழ்த்திசை நாடுகளின் சேற்றெருமைக்கு 48 மட்டுமே. பண்டு இருசோடி ஒருசோடியாய் இணைந்தமையே காரணம். இவ்விரண்டும் கலந்து பிறக்கும் கன்றுக்கு 49 ஆகும். அதன் இனவிருத்தி ஆற்றல் குறைதலுண்டு.

நம் நாட்டெருமை தோற்றத்தாலும் தொழிலாலும் சேற்றெருமை என்றே கருதப்பட்டது. எண்ணிப் பார்த்தபோதோ அதற்கு 50 நிறமூர்த்தங்கள் இருந்தன. முரா, சுர்த்தி, நீலி-ராவி ஆகிய பால் இனங்களுக்கும் அவ்வாறே. எனவே இவற்றோடு கலப்பதற்குத் தடையில்லை.

கமக்காரர் கவனிக்கவேண்டியவை:

1. நன்கு பால்தரும் நாட்டெருமையையே முராக் கடாவுடன் சேர்க்குக.

2. கலப்புக் கன்றுக்குத் தீனும் நிழலும் குளிக்க நீரும் குறையாது அளிக்குக.

3. பெண்கன்றுகள் பருவமெய்துமுன் கடாவை மாற்றுக. தந்தையோடு மகள் சேரின் வழித்தோன்றல் நலியும்.

4. பட்டி முழுவதையும் கலப்பாக்கற்க. குறைந்த தீனியிலும் வெயிலிலும் தாங்கும் நாட்டெருமைக் குணம் ஒருமுறை அழியின் மீளாது.