நம்ம ஊர்ப் படம், நம்ம உரிமை
செல்போனில் விலை போகும் படம் எடுக்கவும் திருத்தவும் ஒரு பாடம்



இப்போது குழுவில் பாதிப் பேருக்கு மேல் கையில் செல்போன் இருக்கிறது. தோட்டத்தில், திருவிழாவில், கூட்டத்தில் என்று தினமும் படம் எடுக்கிறோம். ஸ்டேட்டஸில் ஒரு நாள் இருக்கிறது, மறுநாள் போய்விடுகிறது. அந்தப் படத்துக்கு ஒரு விலை உண்டா? உண்டு. ஆனால் எவ்வளவு கிடைக்கும், எந்த நிபந்தனையில் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு இறங்கணும். இந்த மாதப் பாடம் அதுதான்.

ஸ்டாக் போட்டோ என்றால் என்ன?

நம் குழுக்கள் சில பாத்திர வாடகைத் தொழில் செய்கின்றன. அண்டா ஒன்றுதான், அது போய்வரும் கல்யாணம் பல. வாடகை வருகிறது, அண்டா நம்முடையதாகவே இருக்கிறது. ஸ்டாக் போட்டோவும் அப்படித்தான். உரக் கம்பெனி நோட்டீஸ், பாடப்புத்தகம், பத்திரிகை, வங்கி விளம்பரம் எல்லாவற்றுக்கும் படம் வேணும். ஒவ்வொரு முறையும் ஆள் அனுப்பி எடுக்க முடியாது. அதனால் இணையத்தில் உள்ள படக்கடையில் தேடி, பணம் கட்டிப் பயன்படுத்துகிறார்கள். படத்தின் உரிமை எடுத்தவரிடமே இருக்கும்.

2003-ல் தொடங்கிய ஷட்டர்ஸ்டாக் இப்படி ஒரு கடை. அடோபி ஸ்டாக் இன்னொன்று. 18 வயது முடிந்த யாரும் சேரலாம், சேருவதற்குக் கட்டணம் கிடையாது. "இத்தனை ஆயிரம் கட்டுங்க, மாசம் இவ்வளவு வருமானம் வரும்" என்று யாராவது வந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வருமானத்தையும் ஒளிக்காமல் சொல்கிறோம். ஷட்டர்ஸ்டாக்கில் 2020 முதல் எடுத்தவருக்கு 15 முதல் 40 சதவீதம் வரை பங்கு. புதிதாகச் சேர்பவர் 15-ல்தான் தொடங்குவார். அடோபி ஸ்டாக்கில் படத்துக்கு 33 சதவீதம். ஆனால் ஒரு படம் ஒரு தடவை போனால் கையில் வருவது பல சமயம் சில ரூபாய்தான். நூற்றுக்கணக்கில் நல்ல படம் சேர்ந்த பிறகே மாதாமாதம் ஏதோ வரும். ஆகவே இதற்காகக் குழுக்கடன் எடுத்து கேமரா வாங்க வேண்டாம். கையில் இருக்கிற போனே முதல் படிக்குப் போதும்.

நம்மால் முடியுமா?

1984-ல் குஜராத் மாநிலம் அகமதாபாத்தில், சேவா அமைப்பின் பெண்கள் 20 பேர் வீடியோ கேமரா பிடிக்கக் கற்றார்கள். அவர்களில் ஒருவர் காய்கறி விற்றவர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். 'வீடியோ சேவா' என்ற பெயரில் தங்கள் தொழிலையும் உரிமையையும் தாங்களே படம் பிடித்துக் காட்டினார்கள்.

நமக்குப் பக்கத்து மதுரையில் இருந்தும் ஒருவரைச் சொல்லலாம். புகைப்படக் கலைஞர் எம்.பழனிகுமார். மீன் விற்ற அவருடைய தாயார் கடன் வாங்கித்தான் முதல் கேமரா வாங்கிக் கொடுத்தார். உழைக்கும் மக்களையே அவர் படம் எடுத்தார். 2022-ல் தயாநிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது பெற்றார். அவர் முழுநேரத் தொழிலாகவே இறங்கியவர். நாம் அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: அவருக்கு நன்றாகத் தெரிந்த வாழ்க்கையைத்தான் அவர் படமாக்கினார்.

நம்மிடம் என்ன இருக்கிறது?

சூரியன் மறைவதையும் பூவையும் உலகமே எடுத்துக் குவித்துவிட்டது. ராயப்பன்பட்டியில் நமக்குத் தெரிந்த வேலை மற்றவர்களுக்குத் தெரியாது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் திராட்சையைக் கவாத்து செய்வது, கொடி கட்டுவது, குலை வெட்டுவது, பெட்டியில் அடுக்குவது என்று ஒவ்வொன்றும் ஒரு படம். வெளியூர்க்காரர் வந்தால் கத்தரிக்கோலை எப்படிப் பிடிக்கணும் என்றே தெரியாமல் எடுப்பார். நாம் எடுத்தால் கை சரியாக இருக்கும். வாங்குகிறவர் தேடுவது அந்த உண்மையைத்தான்.

எடுக்கும்போது கவனிக்க:

1. லென்ஸை மெல்லிய துணியால் துடையுங்கள். பாதிப் படம் மங்குவது கைரேகையால்தான்.

2. காலையில் வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள். உச்சி வெயிலில் முகத்தில் கறுப்பு நிழல் விழும்.

3. பந்தலுக்கு அடியில் இலை வழியாக வருவது பச்சை வெளிச்சம். முகமும் பச்சையாகத் தெரியும். பந்தல் ஓரத்துக்கு வந்து நின்றால் சரியாகும்.

4. பழத்தின் மேல் வெள்ளைச் சாம்பல் பூத்தது போல இருக்குமே, அதுதான் புதுப்பழத்தின் அடையாளம். படம் எடுக்கும் முன் குலையைத் தடவிவிடாதீர்கள். காம்பைப் பிடியுங்கள்.

5. திரையை விரித்துக் கிட்ட இழுக்காதீர்கள். நாமே இரண்டு அடி முன்னே போகலாம்.

6. ஒரு பக்கம் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள். விளம்பரக்காரர் அங்கேதான் எழுத்துப் போடுவார்.

7. மருந்து டப்பா, உர மூட்டை, சட்டை எதிலும் கம்பெனிப் பெயர் தெரியக் கூடாது. தெரிந்தால் விளம்பரத்துக்கு அந்தப் படத்தை எடுக்க மாட்டார்கள்.

படம் குறைந்தது 4 மெகாபிக்சல் இருக்கணும். சாதாரணமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிப்போகும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள்.

திருத்துவது எப்படி?

கூகுளின் 'ஸ்னாப்சீட்' செயலி இலவசம். முதலில் மூலப்படத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, நகலில் மட்டும் கை வையுங்கள். வரிசை இதுதான்:

சாய்ந்திருந்தால் நேராக்குங்கள். ஓரத்தில் வேண்டாததை வெட்டுங்கள். 'டியூன் இமேஜ்' போய் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். 'ஒயிட் பேலன்ஸ்' வைத்துப் பச்சைச் சாயலை எடுங்கள். 'ஹீலிங்' வைத்து ஒரு சிறு கறையை, குப்பைத் தாளை அழியுங்கள். போதும். சமையலில் உப்பு மாதிரி, திருத்தியது தெரியாமல் இருந்தால் கை பக்குவம். நிறத்தை அளவுக்கு மேல் ஏற்றினால் பன்னீர் திராட்சை வேறு ரகம் போல ஆகிவிடும்.

கற்பனையாகவும் செய்யலாம். 'டபுள் எக்ஸ்போஷர்' மூலம் ஒரு பாட்டியின் கை மேல் கொடியின் படத்தைப் படிய வைக்கலாம். கறுப்பு வெள்ளையாக்கி, சுருக்கம் விழுந்த விரல்களை எடுப்பாகக் காட்டலாம். பார்க்கிறவருக்கு இது கற்பனை என்று தெரிவதால் தவறில்லை. ஆனால் நாம் விற்கிற பொருளின் படம் வேறு விஷயம். இப்போது ஒரு பட்டனைத் தொட்டால் இல்லாத குலையைக் கணினியே சேர்த்துவிடும். படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்தவர் கையில் சின்னக் குலை போய்ச் சேர்ந்தால், அடுத்த ஆர்டர் வராது. ஸ்டாக் கடையிலும் கணினி உருவாக்கிய படத்துக்குத் தனி விதி உண்டு. ஷட்டர்ஸ்டாக் அதை நம்மைப் போன்றவர்களிடம் வாங்குவதில்லை. அடோபி ஸ்டாக்கில் அதை வெளிப்படையாகக் குறிப்பிடணும்.

முகத்துக்கு அனுமதி

இந்தப் பாடத்தில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஸ்டாக் கடைக்குப் போன முகத்தை யார் வாங்குவார், எங்கே போடுவார் என்று நமக்குத் தெரியாது. நம் அக்கா சிரித்த முகம் ஒரு கடன் கம்பெனி விளம்பரத்தில் வரலாம். சோர்ந்து உட்கார்ந்த முகம் வறுமை பற்றிய கட்டுரையில் வரலாம். வாங்கியவர் கையிலிருந்து அதைத் திரும்பப் பெறுவது ரொம்பக் கஷ்டம்.

அதனால்தான் முகம் தெரிகிற படத்தை விளம்பரத்துக்கு விற்க, அவர் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் கேட்கிறார்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தால், தமிழில் வாசித்துக் காட்டி, "உங்க முகம் எந்த விளம்பரத்திலும் வரலாம், சரியா?" என்று கேட்ட பிறகே கையெழுத்து வாங்கணும். குழந்தை என்றால் பெற்றோர் கையெழுத்து. "வேண்டாம்" என்றால் அதோடு விட்டுவிடணும். குழுவில் ஒன்றாக இருக்கிறோம் என்பதே சம்மதம் ஆகாது. வருகிற பணத்தில் அவருக்கு என்ன பங்கு என்பதையும் முன்னாலேயே பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஆதார், பாஸ்புக் பக்கம் படத்தில் விழக் கூடாது. அணை, வழிபாட்டு இடங்களில் அறிவிப்புப் பலகையைப் பார்த்து, அனுமதி கேட்டு எடுங்கள்.

முகம் காட்ட விருப்பம் இல்லையா? கையை எடுங்கள். கொடி கட்டுகிற கை, பணம் எண்ணுகிற கை, கணக்கு எழுதுகிற கை. உழைப்பைச் சொல்ல அதுவே போதும்.

இந்த மாதம் செய்து பாருங்கள்

ஒவ்வொரு குழுவும் ஒரே வேலையைப் பத்துப் படமாக எடுக்கட்டும்: தூரத்தில் மூன்று, நடுவில் மூன்று, கிட்டத்தில் நான்கு. அதில் இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்துத் திருத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துத் தேடல் சொல் எழுதுங்கள். ஷட்டர்ஸ்டாக்கில் ஒரு படத்துக்கு 7 முதல் 50 சொல் வரை கேட்கிறார்கள், ஆங்கிலத்தில். அந்த வேலையைக் கல்லூரி போகிற நம் பெண்பிள்ளைகளிடம் கொடுங்கள்.

முதல் பயன் நம் பொருளுக்கே ஆகட்டும். ஊறுகாய், உலர்திராட்சை பாக்கெட்டில் ஒட்டும் படத்துக்கு வெளியே பணம் கொடுக்கிறோமே, அது மிச்சமாகும்.

கூட்டத்தில் பேச

1. என் படம் விளம்பரத்தில் வர எனக்குச் சம்மதமா? ஏன்?
2. நம் ஊரில் வேறு யாருக்கும் தெரியாத வேலை எது?
3. படத்தில் வரும் பணத்தை எடுத்தவரும் நின்றவரும் எப்படிப் பகிர்வது?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, தேர்ந்தெடுத்த இரண்டு படங்களோடு கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.