'பிராட்காஸ்ட்' என்னும் சொல்

'பிராட்காஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டதும் பலர் ரேடியோவையே நினைப்பர். ஆயினும் அஃது ஆதியில் உழவரின் சொல்லேயாகும். அகல வீசுதல் என்பது பொருள். 18-ஆம் நூற்றாண்டில் விதையைக் கையால் வீசுவதைக் குறித்த அச்சொல், 1920-களில் ஒலிபரப்புக்கும் வழங்கலாயிற்று.

விவசாயத்தில் அதற்கு இரண்டு பிரயோகங்கள் உண்டு:

1. விதைப்பு: புழுதியிலோ சேற்றிலோ விதையைப் பரவலாக வீசுதல். வரிசை விதைப்புக்கும் நடவுக்கும் இது மாறானது.

2. உரமிடுதல்: உரத்தை வேரருகில் இடாமல் வயல் முழுதும் தூவுதல்.

வீச்சு விதைப்பில் ஆட்செலவு குறையும். ஆனால் வரிசை விதைப்பைவிட விதை மிகுதியாகப் பிடிக்கும். வரிசையின்மையால் களைக்கருவி ஓட்ட இயலாது. விதையை இரு பங்காக்கி, ஒரு பங்கை நெடுக்கிலும் மற்றதைக் குறுக்கிலும் வீசினால் பயிர் சீராக அமையும். எள் முதலிய சிறு விதைகளுடன் நான்கு பங்கு உலர்ந்த மணல் கலத்தல் நலம். காற்று பலமாக அடிக்கும் வேளையில் விதைத்தலாகாது.

1960-களில் தஞ்சை ஜில்லாவில் ஆடுதுறை 27 என்னும் நெல்லைப் பற்றிய செய்தி வானொலி வாயிலாகப் பரவியமையால், குடியானவர்கள் அதனை 'ரேடியோ நெல்' என்றழைத்தனர். ஒலிபரப்பின் பயன் அத்தகையது. எனினும் காதால் கேட்ட அளவு, முறை மாறினால் பொருந்தாது. ஆதலின் கிராம அதிகாரிகள் ஏக்கருக்கு இவ்வளவு விதை என்று மட்டும் கூறாமல், அது வீச்சுக்கா, வரிசைக்கா, நாற்றங்காலுக்கா என்பதையும் தெளிவாய் அறிவித்தல் வேண்டும்.