அகரவரிசையில் ஒரு பிழை

பலர் ஒருங்குகூடி ஒரு மென்பொருளை இயற்றுங்கால், ஒவ்வொருவரும் தாம் எழுதிய பகுதியை அடிக்கடி பொது மூலத்தோடு சேர்த்தலும், சேர்த்தவுடன் வேறொரு கணினி அதனைத் தானே கட்டிச் சோதித்தலும் 'தொடர் ஒருங்கிணைப்பு' எனப்படும். 2005-ஆம் ஆண்டில் 'ஹட்சன்' என்னும் பெயரோடு வெளிவந்து, 2011 முதல் 'ஜென்கின்ஸ்' என வழங்கும் மென்பொருள் இப்பணிக்கென எழுந்தவற்றுள் ஒன்று. தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவக்கூடும். நம் மாணவர் சிலர் பைத்தன் மொழியில் ஒரு சிற்றகராதி செய்யப் புகுந்தபோது, சொற்களின் வரிசையைப் பார்த்துக் கொடுக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது.

சோதனைப் பட்டியலில் முதலில் பகல், பயறு, பழம் என்னும் மூன்று சொற்களே இருந்தன. பல கிழமைகள் யாதோர் இடரும் இல்லை. ஒருநாள் ஒரு மாணவன் 'பனை' என்னும் சொல்லைச் சேர்த்தான். அவனுடைய மடிக்கணினியில் அது முறைப்படி இறுதியில் நின்றது. சோதிக்கும் கணினியிலோ பகலுக்கும் பயறுக்கும் இடையே போய் நின்றது, சோதனை தோற்றது. நாம் நிரலைப் பாராமலே, "தம்பி, னகரம் மெய்களுள் கடைசி என்பதைக்கூட மறந்தாயோ?" என்று கடிந்துகொண்டோம். "இல்லை சேர், என்னிடத்தில் சரியாகத்தான் வருகிறது" என்றான். அதனை வெறுஞ் சாக்கென்றே கொண்டோம்.

உண்மை யாதெனில், யூனிக்கோட்டில் தமிழ் எழுத்துக்கள் நம் நெடுங்கணக்கின் முறையில் வைக்கப்பெறவில்லை. அங்கே நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், அதன்பின் ல, ள, ழ, வ என்பனவும் நிற்கும். மாணவர் எழுதிய நிரல் கணினியின் வட்டார அமைவைக் கேட்டே சொற்களை வரிசைப்படுத்துவது. தமிழுக்குரிய அமைவு இருப்பின் நெடுங்கணக்கு முறை வரும். இன்றேல் வெறும் குறியெண்களின் முறையே வரும். மாணவன் கணினியில் அவ்வமைவு இருந்தது. சோதனையோ ஒவ்வொரு முறையும் புதிதாய்த் திறக்கப்படும் ஒரு கொள்கலத்தில் நிகழ்வது. அதில் அஃது இல்லை. முன்னைய மூன்று சொற்களும் இருமுறையிலும் ஒரே வரிசையில் அமைந்தமையால் குற்றம் உறங்கிக் கிடந்தது. பனை அதனை எழுப்பிற்று, அவ்வளவே. இறுதியாகச் சேர்த்தவன் தலையில் பழியை ஏற்றிய நாமே தவறியவர். அதனை வகுப்பிலேயே அவனிடம் சொன்னோம்.

இடையில் ஒருவர் அச்சோதனையையே நீக்கிவிடலாம் என்றார். நாம் இசைந்தோமல்லோம். உள்ளதை உரைத்தது அது ஒன்றுதானே! அதே கொள்கலத்தை மாணவன் கணினியில் இயக்கி, பிழையை அங்கேயே தோற்றுவித்த பின்னரே காரணம் புலப்பட்டது. தமிழ் அமைவைக் கொள்கலத்தில் நிறுவி, அதன் பெயரை அமைவுக் கோப்பில் வெளிப்பட எழுதினோம்.

அக்கோப்பைத் திறந்த கையோடு பைத்தனின் பதிப்பையும் 3.10 எனக் குறித்தோம். உடனே வேறொரு முறிவு. 'யமல்' வடிவில் எழுதிய கோப்பு, மேற்கோட்குறி இல்லாதவிடத்து அதனை ஓர் எண்ணாகக் கொண்டு, ஈற்றுப் பூச்சியத்தை உதிர்த்து, 3.1 எனப் படிக்கும். சோதிக்கும் கணினி அப்பழம்பதிப்பைத் தேடிக் காணாது நின்றது. இம்முறை யாரையும் கடியவில்லை. மேற்கோட்குறி இரண்டையும் அந்த மாணவனே இட்டான். பனை இப்பொழுது பழத்துக்குப் பின் நிற்கிறது.