பழைய பிக்கப் டிரக்கில் ஹீட்டர் கோர் ஒழுகுகிறதா?

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் பழைய பிக்கப் டிரக் வைத்திருப்பவர்கள் பனி விழத் தொடங்குமுன் கவனிக்க வேண்டிய வேலை இது. ஹீட்டர் கோர் என்பது டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் குட்டி ரேடியேட்டர். எஞ்சினில் சூடேறிய கூலன்ட் அதன் வழியாக ஓடும். விசிறி ஊதும் காற்று அதில் பட்டுச் சூடாகி உள்ளே வரும். கோரின் விலை பெரிதல்ல, அதை எட்டிப் பிடிக்கும் உழைப்புதான் பெரிது. அதனால், திறந்த கையோடு சுற்றியுள்ளதையும் சரிசெய்துவிட்டு மூடுங்கள்.

1. வண்டிக்குள் இனிப்பான வாடை, கண்ணாடியின் உட்புறம் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்பான மூட்டம், பக்கத்து இருக்கையின் காலடியில் ஈரம், அடிக்கடி குறையும் கூலன்ட். இவை சேர்ந்து வந்தால் கோர் ஒழுகுகிறது என்று பொருள். ஈரத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். ஏ.சி. நீரும் மழைநீரும் வெறும் தண்ணீராக இருக்கும். கூலன்ட் வழுவழுவென்று ஒட்டும்.

2. எந்த வண்டி என்பதைப் பொறுத்து வேலை மாறும். 1980 முதல் 1996 வரை வந்த ஃபோர்டு எஃப்-150இல் கிளவ் பாக்ஸைக் கழற்றினால் பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி தெரியும்; அதன் திருகுகளை எடுத்தால் கோர் கைக்கு வந்துவிடும். வீட்டு முற்றத்திலேயே முடிக்கலாம். 1994-2001 டாட்ஜ் ராமிலோ டாஷ்போர்டையே இறக்க வேண்டும்; ஏ.சி. இருந்தால் அதன் வாயுவை முறையாக வெளியேற்றவும் வேண்டும். அதைப் பட்டறையில் விடுவதே நல்லது.

3. உடனே மாற்ற வசதியில்லையென்றால், கோருக்குப் போகும் ஹோஸையும் வரும் ஹோஸையும் எஞ்சின் பக்கமே இணைத்து, கோரைச் சுற்றில் இருந்து விலக்கி ஓட்டலாம். எஃப்-150இல் ஒன்று 5/8 அங்குலம், மற்றது 3/4 அங்குலம் என்பதால் அளவு மாற்றும் இணைப்பு தேவைப்படும். கோடைக்கு மட்டுமே இந்த ஏற்பாடு. பனிக்காலத்தில் முன்கண்ணாடியின் உறைபனியை உருக்குவதும் இதே சூடான காற்றுதான். அது இல்லாமல் சாலையில் இறங்காதீர்கள்.

4. ஒழுக்கை அடைக்கும் திரவத்தை ஊற்றாதீர்கள். கோரின் நுண்குழல்களையும் அது அடைத்துவிடும். பிறகு ஒழுக்கு நின்றாலும் சூடு வராது.

5. எஞ்சின் முற்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும். கூலன்டை அகலமான தட்டில் வடியுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். 1994 முதல் வந்த எஃப்-150இல் ஓட்டுநர் ஏர்பேக் இருப்பதால், அதன்பின் சில நிமிடம் பொறுத்துத் தொடங்குங்கள்.

6. பழைய ஹோஸ் உலோகக் குழாயோடு ஒட்டிப் போயிருக்கும். முறுக்கி இழுக்க வேண்டாம். நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்தெடுங்கள். புது ஹோஸ், புது கிளாம்ப் இரண்டையும் முன்பே வாங்கி வையுங்கள். சில ஹோஸ்களின் உள்ளே நீரோட்டத்தை மட்டுப்படுத்தும் சிறு துளையுள்ள துண்டு இருக்கும். அதைத் தவறாமல் எடுத்து, இருந்த திசையிலேயே புது ஹோஸில் பொருத்துங்கள். கோரின் ஆயுளைக் காப்பது அது.

7. கோரை வெளியே எடுக்குமுன் அதில் எஞ்சிய கூலன்டை எஞ்சின் பக்கக் குழாய்வழி மெதுவாக ஊதி வெளியேற்றுங்கள். தரையில் பழைய துண்டுகளை விரியுங்கள். அருகில் ஓடும் மெல்லிய வேக்குவம் குழாய்கள் வயதாகி மொரமொரவென்று இருக்கும். அவை உடைந்தால் காற்று போக வேண்டிய திசைக்குப் போகாது. கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

8. புதுக் கோரைப் பழையதோடு வைத்து அளவும் குழாய்களின் வளைவும் ஒத்துப் பாருங்கள். சுற்றிலும் நுரைப் பட்டை ஒட்டுவது அவசியம். இடைவெளி விட்டால் குளிர்காற்று கோரைத் தொடாமலே நழுவிவிடும். புதுப் பொருள் போட்டும் சூடு போதவில்லை என்று நிற்பீர்கள்.

9. இதுதான் பலரும் விட்டுவிடும் படி: கோர் ஏன் ஓட்டையானது? இரண்டு காரணங்கள் முக்கியம். ஆண்டுக்கணக்கில் மாற்றாத கூலன்ட் தன் அரிப்புத் தடுப்புச் சக்தியை இழந்து உலோகத்தைத் தின்னத் தொடங்கும். மற்றது, எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையிலான எர்த் கம்பி துருப்பிடித்தால் மின்சாரம் கூலன்ட் வழியே பாதை தேடும். கோரின் மெல்லிய உலோகம் அரித்துப்போகும். புதுக் கோரைப் பொருத்திக் கூலன்ட் நிரப்பியபின், பேட்டரியை மீண்டும் இணைத்து, எஞ்சின் ஆறிய நிலையில் மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்துக் கறுப்பு முனையைப் பேட்டரியின் எதிர்மின் முனையிலும், சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலன்டிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.3ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். விளக்கு, விசிறி எல்லாவற்றையும் போட்டதும் அளவு ஏறினால் எர்த் கம்பியில்தான் கோளாறு. அதன் முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். தேவையானால் புதுக் கம்பி போடுங்கள். இதைச் செய்யாமல் கோரை மட்டும் மாற்றினால் அடுத்த கோரும் இதே வழியில்தான் போகும்.

10. கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. குழாய்நீரில் உள்ள உப்புகள் உள்ளே படியும், ஆகவே வடிநீரையே பயன்படுத்துங்கள். வண்டியின் மூக்கு சற்று உயரும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓட்டுங்கள். காற்று வெளியேறும்போது மட்டம் இறங்கும், மறுபடி நிரப்புங்கள்.

11. பிளாஸ்டிக் மூடியைத் திருகுமுன் எஞ்சினைச் சூடேற்றி, குழாய் இணைப்புகளில் துளி வருகிறதா என்று பாருங்கள். பிறகு தரைவிரிப்பைத் தூக்கி, அடியிலுள்ள பஞ்சை வெளியே எடுத்து வெந்நீரில் அலசிக் காயவையுங்கள். கூலன்ட் தானாக உலராது. விட்டுவைத்தால் கண்ணாடியில் மூட்டமும் வாடையும் தொடரும், தரைத் தகடும் துருப்பிடிக்கும்.

12. வடித்த கூலன்டைத் திறந்து வைக்காதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும். சிறிதளவே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து கொல்லும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. சிந்தியதை உடனே துடைத்து, மிச்சத்தை மூடியுள்ள கேனில் அடைத்து, பெயரெழுதி, உங்கள் நகராட்சியின் அபாயக் கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள். வளர்ப்புப் பிராணி நக்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திராமல் அப்போதே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.